‘ஹ்ரென்’ என்ற சொல்லை முதலில் எங்கே கேட்டீர்கள்?

முதல் பதிவு: வோல்கா கரையில் மருத்துவம் படித்தவர்

ரஷ்யாவில் படித்தவர்கள், ரஷ்யர்களோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரிடமும் ஒரு கேள்வி. ‘ஹ்ரென்’ என்ற சொல் உங்கள் காதில் முதலில் விழுந்தது எங்கே? சந்தையிலா, சண்டையிலா? எனக்கு நடந்ததை முதலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: ஹ்ரென் ஒரு செடியின் வேர். நம் அகராதிகளில் குதிரைமுள்ளங்கி என்று போட்டிருக்கும். நம் ஊர்க் காய்கறிக் கடையில் கிடைக்காது. கடுகு, முள்ளங்கிக் குடும்பம். வெளியே மண்ணின் நிறம், சீவினால் உள்ளே வெள்ளை. முழு வேரை முகர்ந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. துருவினால்தான் மூக்கில் ஏறும். ஜப்பானிய உணவகங்களில் வசாபி என்று பச்சையாக வைக்கிறார்களே, அதில் பெரும்பாலும் இருப்பது இந்த வேரும் பச்சை வண்ணமும்தான்.

இரண்டாம் வருடம் ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து, ஒரு பாட்டியம்மா வீட்டில் ஓர் அறையில் தங்கினேன். எல்லாரையும் போல நானும் அவரை பாபுஷ்கா என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்கு வெளியே அவருக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. அங்கே அதைத் தாச்சா என்பார்கள். அக்டோபரில் முதல் பனி விழுந்த வாரம், ஒரு சாக்கில் ஹ்ரென் வேர்களைக் கொண்டுவந்து சமையலறைத் தரையில் கொட்டினார். தோட்டத்தில் அதை யாரும் நடுவதில்லை, அது தானே இருக்கிறது என்றார். தோண்டும்போது விரல் நீளத் துண்டு மண்ணுக்குள் அறுந்து நின்றாலும் போதும், அடுத்த வருடம் அதிலிருந்து முளைத்துவிடுமாம்.

அன்றைக்கு நான் பார்த்ததை இன்னும் அப்படியே சொல்ல முடியும். இறைச்சி அரைக்கும் கை இயந்திரத்தை மேசை விளிம்பில் திருகி மாட்டினார். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினார். அரைபடும் விழுது நேராகப் பைக்குள் விழும், ஆவி அறைக்குள் பரவாது. அப்படியும் பால்கனிக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். வெளியே உறைகுளிர். கைப்பிடியைச் சுற்றியது நான்தான். பையை அவிழ்த்து எடுத்த அந்த ஒரு நொடியில் கண்ணில் ஊசி குத்திய மாதிரி இருந்தது. பாபுஷ்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே “ஸ்லோயி!” என்று சந்தோஷமாகச் சொன்னார். அப்படியென்றால் கோபக்காரன், பொல்லாதவன். காரமான ஹ்ரெனை அப்படித்தான் பாராட்டுவார்கள். அப்புறம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, வினிகர் சேர்த்துச் சின்னச் சின்னப் பாட்டிலில் அடைத்தார். ஒரு பாட்டிலில் மட்டும் பீட்ரூட் சாறு விட்டுச் சிவப்பாக்கினார். குளிர்காலம் முழுக்க, இறைச்சியைக் கொதிக்க வைத்துக் கூழாக உறையவிட்ட ஹலதியெத்ஸ் என்ற பண்டத்தோடு அதைத் தொட்டுச் சாப்பிட்டோம். ஆக, எனக்கு ஹ்ரென் என்றால் அந்தப் பாட்டில்தான்.

மூன்றாம் வருடம் வார்டுக்குப் போக ஆரம்பித்தோம். பாடம் ஆங்கிலத்தில், நோயாளிகள் பேசுவதோ ரஷ்ய மொழி. அங்கே படித்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். வகுப்பில் கற்றுக்கொண்ட ரஷ்ய மொழி “வலி எங்கே, எப்போதிலிருந்து, எந்தப் பக்கம் பரவுகிறது” என்ற அளவுக்குத்தான். ஒருநாள் காலை எனக்குக் கொடுத்த படுக்கையில் எழுபது வயதுப் பெரியவர். லாரி ஓட்டியவர். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கண்ணை மூடியபடி, “ஹ்ரெனோவா, சினோக்” என்றார். சினோக் என்றால் மகனே. ஹ்ரெனோவா? எனக்குத் தெரிந்த ஹ்ரென் பாபுஷ்காவின் பாட்டில்தான். நெஞ்சைக் காட்டினார். எரிகிறதா என்று கேட்டேன், எரிகிறது என்றார். ராத்திரி வீட்டுக்காரர்கள் கொண்டுவந்த சாப்பாட்டில் ஹ்ரென் சேர்ந்திருக்கிறது, அதனால் நெஞ்செரிச்சல் என்று முடிவு கட்டி, என் நோட்டில் அப்படியே எழுதினேன்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட வந்த நர்ஸம்மா என் நோட்டை எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவரின் நெற்றியைத் தொட்டார், வேர்வையைப் பார்த்தார், நேராகப் போய் ஈசிஜி இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கால் மணி நேரத்தில் அவரைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நர்ஸம்மா அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு, பன்னிரண்டு வருடம் கழித்து இப்போது எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பிற்பாடுதான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ‘ஹ்ரெனோவா’ என்றால் மோசம், ரொம்ப மோசம். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. “நோயாளி, குறிப்பாக ஆண், ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்ல வெட்கப்படுவான். இந்த வார்த்தையைச் சொன்னால் நீ உடனே எழுந்து நிற்க வேண்டும்” என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

எங்கள் மொழி ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். தயங்கினார். அப்புறம் கரும்பலகையில் ஓர் ஏணி வரைந்தார். ‘யாருக்குத் தெரியும்’ என்பதை ரஷ்யர்கள் எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்பதற்கான ஏணி அது. உச்சியில் ‘போக் யெவோ ஸ்னாயெத்’, கடவுளுக்குத்தான் தெரியும். அடுத்த படியில் ‘சோர்த்’, பிசாசுக்குத் தெரியும். அதற்குக் கீழே ‘ப்யோஸ்’, நாய்க்குத் தெரியும். பிறகு ‘ஃபிக்’. இது அத்திப்பழத்தின் பெயரோடும், கட்டைவிரலை இரண்டு விரல்களுக்கு நடுவே நுழைத்துக் காட்டும் முத்திரையோடும் ஒட்டிய சொல். அடுத்தது ‘ஹ்ரென்’. அதற்கும் கீழே ‘ஹேர்’. கடைசிப் படியில் வெறும் கோடு போட்டார், சொல்லை எழுதவில்லை. “இந்தக் கோட்டில் இருக்கிற சொல் உங்களுக்குத் தெருவில் தானாகக் கிடைக்கும்” என்றார்.

விஷயம் இதுதான். கடைசிப் படியில் உள்ளது ஆணுறுப்பைக் குறிக்கும் கெட்ட வார்த்தை. ரஷ்ய மொழியில் மிகக் கனமான வசைச் சொற்களை ‘மாத்’ என்பார்கள். அதில் இது முதன்மையானது. அந்தச் சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே எழுத்தில்தான் ‘ஹேர்’, ‘ஹ்ரென்’ இரண்டும் தொடங்குகின்றன. நம் பெருக்கல் குறி போல இருக்கும் எழுத்து. பழைய ஸ்லாவ் நெடுங்கணக்கில் எழுத்துகளுக்கு அஸ், பூகி, வேதி என்றெல்லாம் பெயர் உண்டு. இந்த எழுத்தின் பெயரே ‘ஹேர்’. அதனால்தான் தாளில் குறுக்குக் கோடு போட்டு அடிப்பதற்குப் ‘பஹேரித்’ என்று ஒரு வினைச்சொல் வந்தது. முழுச் சொல்லைச் சொல்லக் கூசுகிறவர்கள் முதலில் எழுத்தின் பெயரைச் சொன்னார்கள். அதுவும் கெட்ட வார்த்தையாகிவிட்டது. பிறகு சமையலறையில் இருந்த வேரைத் துணைக்கு இழுத்துக்கொண்டார்கள். வேரின் பெயர் என்னவோ மிகப் பழையது, எல்லா ஸ்லாவ் மொழிகளிலும் உண்டு. உக்ரைனில் ஹ்ரீன், போலந்தில் ஹ்ஷான். ஆஸ்திரியாவில் பேசும் ஜெர்மனில்கூட ‘க்ரென்’ என்கிறார்கள், ஸ்லாவ்களிடமிருந்து வாங்கியதுதான்.

சரி, என் கதை இவ்வளவுதான். உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

மறுமொழி: கூடங்குளத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்

டாக்டர் தம்பி, உங்கள் வார்டுக் கதையை இரண்டு தடவை படித்தேன். நான் கூடங்குளத்தில் ரஷ்ய நிபுணர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் சில வருடம் மொழிபெயர்த்தவன். முதல் அணு உலை 2013 ஜூலையில் தொடர்வினையைத் தொட்ட காலத்தில் அங்கேதான் இருந்தேன்.

நான் சொல்லப்போவது ஒரு டீ நேரத்துச் சங்கதி. ஆடிக் காற்று. அந்தப் பக்கத்துக் காற்று எப்படி என்று தென்கோடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீ கிளாஸில் மணல் விழும். நம் பொறியாளர் ஒருவர், பக்கத்தில் நின்ற ரஷ்யப் பெரியவரிடம் பேச்சுக் கொடுக்க ஆசைப்பட்டு, “இந்தக் காற்று என்றைக்கு நிற்கும் என்று நினைக்கிறீர்கள்” என்று என் மூலம் கேட்டார். அவர் வானத்தைப் பார்த்தார். தோளைக் குலுக்கினார். “ஹ்ரென் யெவோ ஸ்னாயெத்.”

சொல்லுக்குச் சொல் எடுத்தால், ‘ஹ்ரெனுக்குத்தான் தெரியும்’. பொறியாளர் என் முகத்தைப் பார்க்கிறார். “யாருக்குங்க தெரியும் என்கிறார்” என்று சொல்லிவிட்டேன். கருத்து தப்பில்லை. ஆனால் அன்று ராத்திரி அது மனசை உறுத்தியது. அந்தப் பெரியவர் அந்நியரிடம் பேசுகிற மாதிரி பேசவில்லை. தன் ஊர்த் தோழனிடம் பேசுகிற மாதிரி, சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு பேசினார். நான் அதற்கு மறுபடியும் பித்தான் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பிறகு நிறைய யோசித்தேன். தமிழில் அதே எடைக்கு என்ன சொல்? எனக்குக் கிடைத்தது ‘மண்’. “ஒரு மண்ணும் தெரியலை”, “என்ன மண்ணாங்கட்டிக்கு வந்தே” என்கிறோம் இல்லையா? அந்த இடத்தில் வேறு ஒரு சொல்லும் வரும், அதுவும் ‘ம’வில்தான் தொடங்கும், தலையில் இருப்பது. வீட்டில் பெரியவர்கள் முன்னால் அந்தச் சொல் வாய்வரை வந்து, மண்ணாக மாறி வெளியே விழுவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ரஷ்யன் முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வேருக்குத் தாவுகிறான், நாம் மண்ணுக்குத் தாவுகிறோம். ‘நி ஹ்ரெனா’ என்று ரஷ்யன் சொன்னால் அது ‘ஒரு மண்ணும் இல்லை’. ‘தா ஹ்ரெனா’ என்றால் நேர் எதிர், ஏகப்பட்டது, கொள்ளை கொள்ளையாக. ‘நி ஹ்ரெனா செபே!’ என்றால் ‘அடேங்கப்பா!’. இந்த மூன்றையும் பிரித்து அறிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

காய்கறியை வைத்துத் திட்டுவதும் நமக்குப் புதிதில்லை. பெரியார் மேடையில் ‘வெங்காயம்’ என்று சொன்னால் கூட்டத்துக்குப் புரியும். உரிக்க உரிக்க உள்ளே ஒன்றுமில்லாத சங்கதி என்று அர்த்தம். ரஷ்யர்களிடம் இதை நான் விளக்கியபோது அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். டவுன்ஷிப்பில் குடும்பத்தோடு இருந்த ஓர் அம்மா வெள்ளரிக்காய் ஊறப்போடுவதில் கெட்டிக்காரர். அவர்கள் உப்புநீரில் பூண்டு, பூத்த சோயிக்கீரைத் தண்டு, இவற்றோடு ஹ்ரென் இலையும் போடுவார்கள்; காய் தொளதொளக்காமல் மொறுமொறுப்பாக நிற்க அந்த இலை வேண்டுமாம். “இந்தக் கடற்கரையில் இலைக்கு எங்கே போவேன், வேருக்கு எங்கே போவேன்” என்று என்னிடம் குறைப்பட்டார். நான் வீட்டில் ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி கொல்லைப்புறத்தைக் காட்டினார். “முருங்கை வேர் அப்படித்தாம்ல நெடி அடிக்கும்.”

உண்மைதான். முருங்கைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே குதிரைமுள்ளங்கி மரம். இங்கே இருந்த காலத்தில் ஹ்ரெனுக்குப் பதிலாக முருங்கை வேரைத்தான் துருவித் தொட்டுக்கொண்டார்கள். ஆனால் ஆச்சி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியது: பட்டை ஆகாது, முழுக்கச் சீவிவிட வேண்டும். உள்வேரும் நுனி நாக்கில் வைக்கிற அளவுதான். பிள்ளைத்தாய்ச்சி தொடவே கூடாது. இளங்கன்றின் வேரைக் கழுவி, சீவி, ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு சிட்டிகை துருவி, வினிகர் ஒரு சொட்டு விட்டு, ரொட்டி ஓரத்தில் தொட்டு வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது. காரத்தாலா, ஊர் நினைப்பாலா என்று நான் கேட்கவில்லை. “ஹ்ரென்” என்றார், மெதுவாக. அந்தச் சொல்லை வசையின் வாசனையே இல்லாமல், ஒரு செடியின் பெயராக மட்டும் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுமொழி: நோவசிபிர்ஸ்கில் ஆய்வு மாணவியாக இருந்தவர்

எங்கள் ஆய்வகத்தில் தினமும் நூறு தடவை இந்தச் சொல் கேட்கும், ஒருவரும் முகம் மாறமாட்டார்கள். காரணம், ‘பிராக்சிதாஸா ஹ்ரெனா’. குதிரைமுள்ளங்கி வேரிலிருந்து எடுக்கும் பெராக்சிடேஸ் நொதி. ரத்தத்தில் ஒரு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் எலிசா பரிசோதனையில் அடையாளக் குறியாக ஒட்டவைப்பது பெரும்பாலும் இதைத்தான். குழிகளில் நிறமூட்டியை விட்டால் மெல்ல நீலம் பூக்கும்; அமிலம் விட்டு நிறுத்தினால் சட்டென்று மஞ்சளாகும். அந்த நீலம் வரும் நிமிடம் எனக்கு இன்னும் பிடிக்கும்.

நான் போன புதிதில், பக்கத்து மேசைப் பெண்ணிடம் குளிர்பெட்டியில் எவ்வளவு பெராக்சிடேஸ் மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். “தா ஹ்ரெனா” என்றாள். நொதியின் பெயரைத்தான் திருப்பிச் சொல்கிறாள் என்று நினைத்து, அதேதான், எவ்வளவு என்று மறுபடி கேட்டேன். அவள் கையை அகல விரித்துக் காட்டிய பிறகுதான் ‘நிறைய’ என்று புரிந்தது. அன்று மாலை அவளே உட்காரவைத்து விளக்கினாள். எங்கள் இருவருக்கும் நட்பு உண்டானது அந்தப் பேச்சில்தான், இன்றுவரை தொடர்கிறது.

அவள் வீட்டில் ‘ஹ்ரெனவீனா’ சாப்பிட்டேன். சைபீரியா, உரால் பக்கத்து வீடுகளில் கோடைமுடிவில் போடுவது. தக்காளி, பூண்டு, ஹ்ரென் மூன்றையும் பச்சையாக அரைத்து உப்புப் போட்டு பாட்டிலில் அடைப்பார்கள். வேக வைப்பதே கிடையாது. சில வீடுகளில் ‘கர்லதோர்’ என்பார்கள், தொண்டையைக் கிழிப்பது என்று பொருள். நம் தக்காளித் தொக்குக்குப் பழகிய நாக்குக்கு அது சொந்தக்காரன் மாதிரி. அதே ஹ்ரெனவீனா என்ற சொல் பேச்சில் வந்தால் ‘என்னமோ ஒரு கண்றாவி’, ‘பெயர் தெரியாத ஒரு சாமான்’ என்றும் அர்த்தம். அவள் அப்பா கார் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு “அந்த ஹ்ரெனவீனாவை எடு” என்பார். ஸ்பானரா, திருகாணியா, பாட்டிலா என்பதை அவர் கை நீளும் திசையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மறுமொழி: பிராக்கில் வேலை பார்ப்பவர்

ரஷ்ய மொழி தெரியாது. ஆனால் செக் மொழியில் இதே வேருக்கு ‘க்ர்ஷென்’ என்று பெயர், அதில் கெட்ட அர்த்தம் எதுவும் என் காதில் பட்டதில்லை. காதலர் இருவர் தனியாக இருக்க நினைக்கும் இடத்தில் மூன்றாவது ஆளாகப் போய் உட்காருகிறவரை, ‘க்ர்ஷென் வேலை பார்க்கிறான்’ என்பார்கள். நம் சிவபூஜையில் கரடி. அலுவலகத் தோழர் ஒருவர் தன் தோழியோடு சினிமாவுக்குக் கிளம்பும்போது என்னையும் கூப்பிட்டார். “வரவில்லை, நான் க்ர்ஷென் ஆக மாட்டேன்” என்று செக் மொழியில் சொன்னேன். இரண்டு பேரும் கை தட்டினார்கள். ஒரே வேர், பக்கத்து மொழியில் இவ்வளவு சாதுவாக இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

மறுமொழி: வரோனெஷில் படித்தவர்

எங்கள் மாகாணத்தில் ஹ்ரெனவோயெ என்றே ஒரு ஊர் இருக்கிறது. 1776-இல் கவுண்ட் அலெக்ஸேய் ஓர்லோவ் குதிரைப்பண்ணை அமைத்த இடம்; ஓர்லோவ் ஓட்டக் குதிரை என்ற புகழ்பெற்ற இனம் அங்கேதான் உருவானது. ஊர்ப் பெயரில் அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில் விழ வேண்டும். அழுத்தத்தை இரண்டாம் அசையில் போட்டால் ‘மோசமான’ என்ற பொருள் வந்துவிடும். என் ரூம்மேட் அந்த ஊர்க்காரன். நான் முதல் நாள் அழுத்தத்தை மாற்றிப் போட்டு “உன் ஊர் ஹ்ரெனோவயெவா?” என்று கேட்டதற்கு, அவன் கோபப்படாமல், மூன்று முறை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொடுத்தான். அதற்கு அப்புறம் ரஷ்ய மொழியில் எந்தச் சொல்லைக் கற்றாலும் அழுத்தக் குறியோடுதான் எழுதிக்கொள்வேன்.

மறுமொழி: மகளை அனுப்பவிருக்கும் தாய்

எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. என் மகள் செப்டம்பரில் மருத்துவம் படிக்க அங்கே போகிறாள். இதைப் படித்ததும் கவலையாகவும் இருக்கிறது. அவளிடம் யாராவது இந்தச் சொல்லைப் பேசினால் அவமானப்படுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதா? அவள் இதைப் பேசலாமா? டாக்டர் தம்பி பதில் சொன்னால் உதவியாக இருக்கும். கூடவே, அந்தப் பாட்டில் சமாச்சாரம் நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?

முதல் பதிவு எழுதியவரின் பதில்

அக்கா, கவலைப்படாதீர்கள். சொல் யாரை நோக்கிப் போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் கணக்கு. வானிலை, விலைவாசி, பஸ், பரீட்சைத் தாள் இவற்றைப் பற்றிச் சொன்னால் அது அலுப்பு, அவ்வளவுதான். ‘ஹ்ரென் ஸ்நிம்’ என்று சொன்னால் ‘போகட்டும் விடு’. இழந்ததை நினைத்து அழும் தோழியின் முதுகைத் தட்டியும் அதைச் சொல்வார்கள். ‘நா ஹ்ரென்’ என்று முகத்துக்கு நேரே ஒருவரைப் போகச் சொன்னால் அது வசைதான். அந்த இடத்தில் பதில் பேசாமல் நகர்ந்துவிட வேண்டும். ‘ஹ்ரென் தெபே’ என்றால் ‘உனக்கு ஒன்றும் கிடைக்காது, போ’, அதுவும் நல்லதில்லை.

‘ஸ்தாரி ஹ்ரென்’ என்று கிழவர்களைச் சொல்வது கேட்கும். அந்நியர் வாயில் அது ஏளனம். ஐம்பது வருடச் சிநேகிதர்கள் இருவர் பூங்காவில் சதுரங்கம் ஆடிக்கொண்டே ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டால் அது பாசம். கிழவிகளுக்கு வேறு சொல் உண்டு: ‘பழைய மிளகுக் குப்பி’. இரண்டும் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தவை.

தொலைக்காட்சியில் கேட்டாலும் பயப்பட வேண்டாம். சினிமாவிலும் நாடக மேடையிலும் மாத் வார்த்தைகளுக்குத் தடை போடும் சட்டம் 2014 ஜூலை முதல் அங்கே அமலில் இருக்கிறது. தடை சுற்றிவருவது நான்கு வேர்ச்சொற்களை. ஹ்ரென் அந்த நான்கில் இல்லை. அதற்காக வகுப்பறையில் சொல்லலாம் என்று அர்த்தமில்லை. பேராசிரியரிடம், அலுவலகத்தில், வயதானவர் முன்னால் அவள் இதைப் பேச வேண்டாம். அந்நிய உச்சரிப்பில் கேட்கும்போது அவர்களுக்கு இன்னும் கரகரப்பாகத் தெரிகிறது. ஆனால் காதுக்கு நன்றாகப் பழகியிருக்க வேண்டும், முக்கியமாக வார்டில். என் அனுபவத்தை அவளுக்கு அப்படியே சொல்லுங்கள். நோயாளி ‘ஹ்ரெனோவா’ என்றால் பேனாவை வைத்துவிட்டு, முதலில் நாடியைப் பிடிக்கட்டும்.

கூச்சமில்லாமல் எங்கேயும் சொல்லக்கூடிய ஒரு பழமொழி இருக்கிறது, அதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளட்டும்: ‘ஹ்ரென் ரேத்கி நி ஸ்லாஷே’. ரேத்கா என்பது அவர்கள் ஊர்க் கார முள்ளங்கி. அந்த முள்ளங்கியைவிட ஹ்ரென் ஒன்றும் இனிப்பில்லை என்று பொருள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்கிறோமே, அதேதான். இதில் ஹ்ரென் வெறும் வேர். பேராசிரியர்களே சொல்வார்கள்.

பாட்டில் விஷயம்: கொஞ்சமாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. வயிற்றுப்புண் இருந்தால் மட்டும் வேண்டாம். மிளகாய்க் காரம் நாக்கில் நிற்கும், இது மூக்கில் ஏறி நிமிடத்தில் இறங்கிவிடும். வேரை நசுக்கினால்தான் அதிலுள்ள நொதியும் சினிக்ரின் என்ற பொருளும் சந்தித்துக் காரம் பிறக்கிறது. வினிகர் விட்டால் அந்த வேலை நின்று, அந்த நேரத்துக் காரம் அப்படியே நிலைக்கும். அதனால் பாபுஷ்கா அரைத்த கையோடு வினிகர் விடமாட்டார். கிண்ணத்தை மூடிவைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, முழுக் காரம் ஏறிய பிறகுதான் விடுவார். நாள் போகப் போகக் காரம் பறந்துவிடும், நிறமும் பழுப்பேறும். கடையில் வாங்கினால் சின்னப் பாட்டிலாக வாங்கி, திறந்த பிறகு குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள். உருளைக்கிழங்குப் பொரியலோடு நன்றாக இருக்கும். நான் தோசைக்கும் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.